வெறுங்காலுக்காகச் செதுக்கிய பாதை

வன இலாகாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்? கடையில் இல்லாத சாமானைக் கேட்டால் கடைக்காரன் இருப்பதைத்தானே எடுத்து வைப்பான். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மடித்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மரத்தை எப்படி அளப்பது, நாற்றை எப்போது நடுவது, பார்வையாளர் நடக்கும் பாதைக்கு எங்கே படி வைப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது அவையெல்லாம் கைவிட்டுவிடும் வேளைகளைப் பற்றி.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி ஒரே காட்டில் கழிந்தது. பதுளைக்கும் ஹாலிஎலைக்கும் மேலே உள்ள மலையில், வனப்பூங்காவின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற சோலை அது. அதன் கிடப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உச்சியில் சோலை. அதன் வலப்பக்கம் ஆள் உயரம் வளர்கிற மானாப்புல் மண்டிய சரிவு, கீழே றோட்டு வரைக்கும் இறங்கும். இடப்பக்கம் தேயிலை. புல்லும் தேயிலையும் சந்திக்கிற இடத்தில், மலையின் இடுப்பில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். லயத்திலிருந்து சோலைக்கு ஒரு பாதை ஏறும். அந்தப் பாதைக்கு வலப்பக்கம் முழுவதும் புல். இடப்பக்கம் கீழே லயமும் தேயிலையும், மேலே சோலை. நான் சொல்ல வருவது முழுக்க அந்தப் பாதையில்தான் நடந்தது.

சோலையைப் பார்வையாளருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் திறந்துவிடுவது என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் லுணுகலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். தமிழ் பேசுகிற உத்தியோகத்தன் ஒருவன் இருந்தால் தோட்டப் பள்ளிக்கூடங்களை அழைக்கச் சௌகரியம் என்று நினைத்திருப்பார்கள். மரங்களுக்குப் பெயர்ப்பலகை கட்டினேன். மூன்று மொழியிலும் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தேன். தமிழ்ப் பலகையில் எழுத்துப் பிழை வந்தபோதெல்லாம் திருப்பி அனுப்பி, எல்லோருக்கும் எரிச்சல் மூட்டினேன்.

முதல் நாள் வந்தது கீழே இருந்த அதே தோட்டத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்தார்கள். சோலை வாசலில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் வரிசை அப்படியே கலைந்து, பாதிப் பேர் தேயிலைக்குள் புகுந்துவிட்டார்கள். ஆசிரியர் கத்துகிறார், ஒருவரும் வரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒரு சிறுமி மட்டும் செடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிக் கேட்டாள்.

"சேர், எங்கம்மாவ புடிக்க மாட்டீங்கல்ல?"

அவள் பெயர் வசந்தி. அவளுடைய அம்மா சோலைக்குள் விறகு பொறுக்குகிறவள். காக்கிச் சட்டை என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவைத் துரத்துகிற சட்டை. எங்கள் ஆட்கள் விறகுக்கட்டைப் பறித்து உருட்டிவிட்டதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காட்டைத்தான் நான் அழகாகப் பெயரெழுதி வைத்து, வாருங்கள் பார்ப்போம் என்று அழைத்திருந்தேன்!

தொப்பியைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன். சட்டையைக் கழற்ற முடியாதே. "புடிக்க மாட்டேன். விழுந்து கெடக்குற வெறக யாரு எடுத்தாலும் புடிக்க மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு எனக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். வாக்குக் கொடுத்ததால் பிறகு அதற்காகச் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். உங்களிடம் வருகிற கூட்டம் ஏன் தயங்கி நிற்கிறது என்று விசாரிக்காமல் மரத்தின் பெயரைச் சொல்லத் தொடங்காதீர்கள். அன்றைக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடம் ஒரு வருடமும் தவறவில்லை.

எனக்கு முன்னால் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் வேண்டாம், எழுதினால் கோபித்துக்கொள்ளுகிற ரகம். ஓய்வுபெற்றுப் போகும் வாரத்தில் என்னைச் சரிவின் மேல் கூட்டிப்போய் நிறுத்தினார். கச்சான் காற்று தொடங்கியிருந்தது. ஊவாவில் ஆடி, ஆவணியில் அந்தக் காற்று வீசினால் மானாப்புல் வைக்கோலாகிவிடும், ஒரு தீக்குச்சி போதும்.

"ஐசே, நெருப்பு வந்தா எல்லாத்தையும் காப்பாத்துவன் எண்டு ஓடாதையும். அப்பிடி ஓடினவன் எல்லாத்தையும் விட்டவன்தான். எதைக் குடுக்கிறது எண்டு நெருப்பு வர முதலே முடிவெடுத்து வையும்" என்றார்.

"புல்லக் குடுத்துடுவேன் சேர்" என்றேன்.

அவர் சிரித்தார். "புல்லைக் குடுக்க ஆருக்குத்தான் மனமில்லை? அதுக்கடுத்தது?"

தேத்தண்ணி குடிக்கலாம் சேர் என்று பேச்சை மாற்றினேன். அவரும் வற்புறுத்தவில்லை. இருவரும் இறங்கிவிட்டோம்.

இனிப் பாதைக்கு வருகிறேன். சோலைக்குள் நடுவாக ஒரு பெரிய காட்டுமா மரம் நின்றது. உள்ளே பொந்து விழுந்த கிழட்டு மரம். அதன் அடியில் மூன்று கல். லயத்து ஆட்களுக்கு அதுதான் முனியாண்டி. ஆடி மாதம் திருவிழா எடுப்பார்கள். லயத்திலிருந்து பெண்கள் கரகம் தூக்கி, மேளத்தோடு மலையேறி மரத்தடிக்கு வருவார்கள். அங்கே பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாதை வெட்டுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், வராதவர்களைத் திருவிழா முடியும்வரை கேலி பண்ணியே தீர்த்துவிடுவார்கள். தேயிலைக் கிளை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியால் புல்லை அறுப்பதோடு விடமாட்டார்கள். தேயிலையில் புல் செதுக்குகிற சுரண்டியை எடுத்துக்கொண்டு வேரோடு செதுக்கி, வாரி, அப்பால் கொட்டிவிட்டு, வெறும் செம்மண்ணாக்கித்தான் நிறுத்துவார்கள். இரண்டு கரகம் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டு போகிற அகலம். ஏன் இவ்வளவு பாடு என்று தோட்டத் தலைவர் மாரிமுத்துவிடம் ஒருமுறை கேட்டேன். சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவர்தான் தலைவர்.

"கரகம் எடுக்குறவ வெறுங்கால்ல வர்றா சேர். மானாவ வெட்டிட்டு விட்டா அடித்தூரு ஈட்டி மாதிரி நிக்கும். பாதத்துல ஏறுச்சுன்னா கரகம் சாஞ்சிரும். கரகம் சாஞ்சா அந்த வருசம் லயத்துக்கே ஆகாது" என்றார்.

வருடா வருடம், சரியாகக் கச்சான் காலத்தில், புல்லுக்கும் சோலைக்கும் நடுவில், புல்லுக்கும் லயத்துக்கும் நடுவில், வெறும் மண்ணில் ஒரு கோடு. நெருப்பு தாண்ட முடியாத கோடு. அவர்களும் அதை அப்படி நினைத்துச் செய்யவில்லை, எங்கள் இலாகாவும் அப்படி நினைத்து விடவில்லை. நான் மட்டும் அதைப் பார்த்து உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் கூட்டம் நிரம்பி வழிந்து, வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பக்கமும் வரத் தொடங்கினார்கள். புது மேலதிகாரி ஒருவர் வந்தார். இங்கே ஒரு வில்லனை எதிர்பார்க்காதீர்கள். நல்ல மனிதர், காட்டைப் படித்தவர், கைசுத்தம். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பாதையை வந்து பார்த்தார். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். சரிவில் மண்ணைச் செதுக்கினால் மாரி மழையில் அரித்துக்கொண்டு போகும், இனிமேல் செதுக்கக் கூடாது என்றார். உண்மை, அரிக்கத்தான் செய்தது. பூங்காவுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது, மரத்தடியில் பொங்கல் வேண்டாம் என்றார். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். பார்வையாளர் செம்மண் கோட்டைப் பார்க்கவா வருகிறார்கள், புல்லை மெஷினால் மட்டமாக வெட்டிவிட்டால் பச்சையாக, பார்க்க இயற்கையாக இருக்கும் என்றார். வருகிறவர்கள் எல்லோரும் காலில் சப்பாத்துப் போட்டு நடப்பவர்கள். புல் தூர் அவர்களை என்ன செய்யும்?

"இந்தப் பாதைதான் நெருப்பை மறிக்கிறது சேர்" என்றேன்.

"எப்போதாவது மறித்திருக்கிறதா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

றோட்டோரத்தில் சின்னச் சின்ன நெருப்பு எத்தனையோ பிடித்திருக்கிறது. ஒன்றும் பாதை வரைக்கும் வந்ததை நான் கண்டதில்லை. வராத நெருப்பை எப்படிக் காட்டுவது? "இல்லை" என்றுதான் சொல்ல முடிந்தது. இரண்டு கூட்டத்தில் அதையே மறுபடியும் சொன்னேன். மூன்றாவது கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததும், இவன் தன்னுடைய சாமிக்காகப் பேசுகிறான் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

மாரிமுத்துவிடம் செய்தியை நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, "அப்ப சாமிய கீழ கோயிலுக்கே கூட்டிட்டு வந்துர்றோம் சேர். டிக்கெட்டு எடுத்து பாக்க வர்ற பெரிய மனுசங்களோட வரிசையில நிக்க முனியாண்டிக்கும் பழக்கமில்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அடுத்த வருடத்திலிருந்து மெஷின் வந்தது. பாதை பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெட்டின புல்லை வாரிக் கொட்ட ஆள் போடவில்லை, அது பாதையிலேயே கிடந்து காய்ந்தது. நடப்பதற்கு மெத்தை மாதிரி இருக்கிறது என்று பார்வையாளர் பாராட்டினார்கள்.

நெருப்பு வந்த நாளில் வசந்தி அங்கே இருந்தாள். அந்தச் சிறுமி வளர்ந்து, படித்து, அதே தோட்டப் பள்ளிக்கூடத்தில் வசந்தி டீச்சர் ஆகியிருந்தாள். தன் வகுப்பைக் கூட்டி வந்திருந்தாள். காட்டுமா மரத்தடியில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பொந்துக்குள் யார் யார் குடியிருக்கலாம் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்லியிருந்தோம். ஒருவன் ஆந்தை என்றான், ஒருத்தி முனியாண்டி என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் கருணாதாச ஓடி வந்தான். என்னோடு நெடுங்காலம் வேலை செய்த காவலாளி, ஹாலிஎலைச் சிங்களவன், தமிழும் பேசுவான்.

"மாத்தையா, கீழ றோட்டுல நெருப்பு. பெரிய நெருப்பு" என்றான்.

எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று யாராவது வைத்திருக்கலாம், சிகரெட் துண்டாகவும் இருக்கலாம். காற்று பலமாக இருந்தது. புகை வலப்பக்கத்திலிருந்து எங்களை நோக்கிச் சாய்ந்து வந்தது. முதலில் பிள்ளைகள். சோலைக்குப் பின்பக்கம் வாகனம் நிறுத்துமிடத்துக்கு இறங்குகிற வழியில் அவர்களை அனுப்பினேன். அந்தப் பக்கம் ஆபத்தில்லை.

போகும்போது ஒரு பையன் என் கையைப் பிடித்து, "காடு எரிஞ்சிருமா சேர்?" என்றான்.

"எரியாது. நாங்க இருக்கோம்ல" என்றேன்.

வசந்தி மட்டும் நகராமல் நின்றாள். "சேர், எங்கம்மா லயத்துல படுத்த படுக்கையா கெடக்காங்க. எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருப்பாங்க, லயத்துல கெழடுகளும் கைப்புள்ளைங்களுந்தான் இருக்கும்" என்றாள். நான் போ என்று கையைக் காட்டினேன். பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் எங்கே ஓட முடியும்? அழுதுகொண்டே அவர்களோடு போனாள்.

எங்கள் ஆட்கள் ஒரு கை விரலில் எண்ணுகிற அளவு. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு வருவதற்கு நேரம் பிடிக்கும். பாதையோ நீளம். நெருப்பு அகலமாக வந்தது. மெஷின் வெட்டின பாதையில் காய்ந்து கிடந்த புல்லைக் கண்ணால் பார்த்தேன். நெருப்பு அதில் நடந்தே தாண்டிவிடும். மேல் பாதியைப் பிடித்தால் சோலை தப்பலாம். கீழ் பாதியைப் பிடித்தால் லயம் தப்பலாம். இரண்டையும் பிடிக்க ஆள் கிடையாது.

"மாத்தையா, மேல போறதா, கீழ போறதா?" என்று கேட்டான் கருணாதாச.

யாழ்ப்பாணத்துக்காரர் கேட்ட அதே கேள்வி. அதுக்கடுத்தது? அத்தனை வருடமும் அதற்கு நான் பதில் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் பதில் தானாக வந்தது.

"கீழ" என்றேன்.

லயத்துக்கு நேர் மேலே, தண்ணிக் குழாய்க்கு ஆட்கள் நடந்து நடந்து மண் தெரிந்த ஒரு துண்டுப் பாதை இருந்தது. அங்கே நின்று பார்த்தபோது நெருப்புக்கும் லயத்துக்கும் இடையில் இருந்தது புல் மட்டும்தான். பச்சைக் கிளையால் அடித்து அணைக்கிற நெருப்பு அல்ல அது. அந்தப் புல்லை நாமே முந்திக்கொண்டு எரித்துவிட்டால், வருகிற நெருப்புக்குத் தீனி இருக்காது. இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டுவார்கள். படத்தில் காட்டாத ஒன்று உண்டு. நெருப்பு மேல்நோக்கி ஏறுகிற சாதி. கீழே நான் வைக்கிற நெருப்பில் ஒரு பங்கு வருகிற நெருப்போடு போய்ச் சேரும், மறுபங்கு சரிவில் ஏறிச் சோலைக்குள் போகும். தடுக்க ஆள் இல்லை. எனக்கு அது தெரியும். கருணாதாசவுக்கும் தெரியும்.

லயத்து வாசலில் ஒரு கிழவர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நெருப்புச் சத்தம் ஆற்று வெள்ளம் போலக் கேட்டது. "மாத்தையா, நான் வைக்கவா?" என்றான் கருணாதாச. வேண்டாம் என்றேன். விசாரணை என்று வந்தால் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது. நெருப்புப் பெட்டியை அவனிடமிருந்து வாங்கி நானே பற்றவைத்தேன்.

நான் வைத்த நெருப்பு சொன்னபடி கேட்டது. லயத்துக்கு முன்னால் இருந்த புல் கருகி, வெறும் சாம்பலாக ஆனது. பிறகு, எதிர்பார்த்தபடியே, மேலே ஏறி, பாதையில் காய்ந்து கிடந்த புல் வழியாகத் தாண்டியது. சோலை விளிம்பை அது தொட்டதை நான் நின்று பார்த்தேன். பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகப் போயிருக்கும். புகை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மலையில் இருந்தவர்கள் வந்து சேர்ந்தபோது லயத்தில் செய்வதற்கு வேலை மிச்சமிருக்கவில்லை, சோலையில் செய்வதற்கு வழி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை முடித்தது. சற்றுநேரத்தில் காற்று திரும்பிவிட்டது. றோட்டிலிருந்து வந்த பெரிய நெருப்பு, நான் எரித்த சாம்பல் வரைக்கும்கூட வராமல், சரிவின் பாதியிலேயே படுத்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். லயத்தை நோக்கி வந்த நெருப்பு லயத்துக்கு வரவில்லை. சோலையை எரித்தது நான் வைத்த நெருப்பு. அப்படித்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அது பொய்யும் இல்லை. நான் வைக்காமல் இருந்திருந்தால், காற்று திரும்புவதற்குள் பெரிய நெருப்பு லயத்தை எட்டியிருக்குமா? எட்டியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். நான் நினைப்பதைத் தவிர அதற்கு வேறு சாட்சி உலகத்தில் இல்லை.

விசாரணையில் கேட்டார்கள், அரசாங்கத்துக் காட்டை விட்டுவிட்டுத் தோட்டத்து லயத்துக்கு ஏன் போனாய் என்று. அங்கே உயிர் இருந்தது என்றேன். உன் ஆட்களின் உயிர் என்று ஒருவர் திருத்தினார். புது மேலதிகாரி மட்டும் எனக்காகப் பேசினார், இவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்றார். தண்டனை வரவில்லை. நியாயம் என்று எழுதவுமில்லை. கருணாதாசவை இடம் மாற்றிவிட்டார்கள், அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும்.

லயத்தில் வேறு கதை. சாமி மரத்தை எரித்தவன் என்றார்கள். மாரிமுத்து முகத்துக்கு நேரே கேட்டார்: "நாங்க அடுப்பு வச்சா காடு எரிஞ்சிரும்னு சாமிய வெரட்டுனீங்க. கடைசியில நீங்களே வச்சீங்களே சேர்." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலை. உங்கள் வீட்டைக் காப்பாற்றத்தானே என்றேன். "நெருப்புதான் இங்கிட்டு வரவே இல்லையே" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். குழந்தையோடு நின்ற கிழவரும் தலையாட்டினார்.

அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பாதை நெருப்பை மறிக்கும் என்று நான் சொன்னபோது மேலதிகாரி அத்தாட்சி கேட்டார், என்னிடம் இருக்கவில்லை. லயத்தைக் காப்பாற்றினேன் என்றபோது இவர்கள் கேட்டார்கள், அப்போதும் இருக்கவில்லை. தம்பி தங்கச்சிமாரே, நம்முடைய வேலை அப்படிப்பட்டது. நடக்காமல் தடுத்ததை எவருக்கும் காட்ட முடியாது, இழந்ததை மட்டும் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். இதை ஆறுதலாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எனக்கு இதில் ஆறுதல் கிடைத்ததில்லை.

காட்டுமா மரம் பொந்து வழியாக உள்ளே பிடித்து, பல நாள் நின்றபடியே புகைந்து, பிறகு விழுந்தது. கன்றுகளைக் கொண்டு போய் வைத்தோம். அடுத்த கோடைக் காய்ச்சலில் கருகின. மறுபடி வைத்தோம். அதற்குள் மானா ஏறிவிட்டது. மானா ஒருமுறை பிடித்த மண்ணில் சோலை மரம் தலையெடுப்பது லேசில்லை. அது வருடா வருடம் எரியும், எரிந்தால் இன்னும் செழிக்கும், மரக்கன்று ஒன்றையும் விடாது. நான் ஓய்வுபெறும் வரைக்கும் நட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மரம் என் உயரத்துக்கு வரவில்லை.

வசந்தி டீச்சரை ஹாலிஎலை பஸ் நிலையத்தில் ஒருநாள் கண்டேன். ஓடி வந்து கும்பிட்டாள். "அம்மா உசுரோட இருக்காங்க சேர். அதுக்கு உங்களத்தான் கையெடுக்கணும். லயத்துல யாரு என்ன சொன்னாலும் நான் அப்பிடித்தான் சொல்லுவேன்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தத் தைரியத்தில், "புள்ளைங்கள எப்ப கூட்டிட்டு வர்றீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் பஸ் வருகிற பக்கம் திரும்பினாள். "அங்க என்னத்த காட்ட சேர்?" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

போன மாதம் நான் அந்தப் பக்கம் போனேன். டிக்கெட் எடுத்துத்தான் போனேன், என்னைத் தெரிந்தவர் வாசலில் யாரும் இல்லை. சோலை நின்ற இடத்தில் இப்போது பார்வை மேடை கட்டியிருக்கிறார்கள். மானா ஆள் உயரத்துக்கு நின்றது. பொழுது சாய்கிற வெயிலில் முழுச் சரிவும் பொன்னாக அசைந்தது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பலகையில் மூன்று மொழியிலும் 'இயற்கைப் புல்வெளி' என்று எழுதியிருந்தது. தமிழில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. உங்களில் யாரோதான் கவனமாகப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

மேடைக்குக் கீழே முனியாண்டியின் மூன்று கல் அப்படியே கிடந்தது. அதில் ஏறி நின்றுகொண்டு ஒரு இளம் தம்பதி படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், பேச்சில் தெரிந்தது.

"ஐயா, குறை நினையாமல் ஒரு போட்டோ எடுத்துத் தருவீங்களோ? பின்னால உந்தப் புல்லு முழுக்க விழோணும்" என்றான் அந்தப் பையன்.

போனை வாங்கினேன். கல்லில் இருந்து இறங்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டால் எங்கே தொடங்கிச் சொல்வது? புல் முழுக்க விழும்படி எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன வடிவு!" என்றாள் அந்தப் பெண், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே. "இந்த இடம் எப்பவும் இப்பிடித்தானோ ஐயா?"

"இல்லம்மா" என்றேன்.

அடுத்து என்ன கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். வேலைக்காலம் முழுவதும் அப்படிக் காத்து நின்று பழக்கம். ஒரு பிள்ளை, ஏன் சேர் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், ஒரு காட்டையே சொல்லிவிடலாம். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் நன்றி சொல்லிவிட்டு, வெட்டி மெத்தை போலக் கிடந்த புல்மேல் சப்பாத்துக் காலோடு இறங்கிப் போனார்கள்.